கொல்லிமலை: ஒரு பகல் போதுமா, ஓர் இரவும் வேண்டுமா?

நாமக்கல் மாவட்டத்தில், கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாகத் தனித்து நிற்கும் கொல்லிமலைக்குச் செல்ல நினைப்பவர்கள் முதலில் எதிர்கொள்ளும் கேள்வி, காலையில் ஏறி மாலையில் இறங்கிவிடலாமா, ஓர் இரவு தங்கத்தான் வேண்டுமா என்பதாகும். இதற்கு விடை காணப் பெரும்பாலோர், மேலே பார்க்க வேண்டிய இடங்களைப் பட்டியலிட்டு, இடத்துக்கு ஒரு மணி நேரம் என்று வைத்துக் கூட்டி, கூட்டுத்தொகை ஒரு பகலுக்குள் அடங்குகிறதா என்று பார்க்கின்றனர். இந்தக் கணக்கு எந்த மலைக்கும் ஓரளவு பிசகும் என்றாலும் கொல்லிமலையில் முழுவதுமாகப் பிசகிவிடுகிறது. இங்கே ஒரு பகலை விழுங்குபவை இரண்டே: காரவள்ளியில் தொடங்கும் 70 கொண்டை ஊசி வளைவுகள், ஆகாய கங்கை அருவிக்கு இறங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். மற்ற இடங்கள் எல்லாம் இவ்விரண்டும் விட்டுவைத்த நேரத்தில்தான் அடங்க வேண்டும்.

மலையின் அமைப்பைத் தெரிந்துகொண்டால் இது எளிதில் விளங்கும். கொல்லிமலை கூம்பி உயரும் ஒற்றைச் சிகரமாக இல்லாமல், மேலே மேடும் பள்ளமுமாகப் பரந்தும் விளிம்புகளில் செங்குத்தாகச் சரிந்தும் இருக்கும் மேட்டுநிலம் ஆகும். நிலவியலார் இத்தகைய நிலத்தைப் பீடபூமி என்பர். அதன் மேற்பரப்பு கடல் மட்டத்திலிருந்து 1000 முதல் 1300 மீட்டர் வரை உயரமுடையது. மேலே வயல், தோட்டம், பள்ளிக்கூடம், சந்தை, வட்டாட்சியர் அலுவலகம் என ஒரு முழு வட்டாரமே இயங்குகிறது. வளப்பூர் நாடு, சேலூர் நாடு, அரியூர் நாடு, வாழவந்தி நாடு என்று ஊராட்சிகள் இன்றும் பழைய நாட்டுப் பிரிவின் பெயராலேயே வழங்குகின்றன. ஆகவே, வளைவுகள் முடிந்து சோளக்காட்டை அடைந்தவுடன் மலைக்கு வந்து சேர்ந்துவிட்டதாக நிம்மதி கொள்பவர்கள், செம்மேட்டைக் கடந்து வளப்பூர் நாட்டில் உள்ள அறப்பளீசுவரர் கோயிலை அடைவதற்கு, மேலும் ஒரு மணி நேரத்தை ஒட்டிய மலைச்சாலை மிச்சமிருப்பதை அப்போதுதான் உணர்கின்றனர்.

நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாக வரும் சாலை, காரவள்ளி அடிவாரத்தில் மலைமீது ஏறத் தொடங்குகிறது. கொண்டை ஊசி வளைவு என்பது, சாலை ஏறக்குறைய தான் வந்த திசைக்கே திரும்பி, சற்று உயரத்தில் மீண்டும் ஓடும் திருப்பமாகும். செங்குத்தான சரிவில் நேராக ஏற முடியாத வண்டிக்கு, ஏற்றத்தை நீட்டிக் குறைத்துக் கொடுக்கும் உத்தி அது. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் சாலையில் இத்தகைய வளைவுகள் 20. இங்கே 70, ஒவ்வொன்றுக்கும் எண் பலகை உண்டு. முதல் இருபது முப்பது வளைவுகளை உரக்க எண்ணிக்கொண்டு வரும் பிள்ளைகள் அதன்பின் பேச்சை நிறுத்திவிட்டால், எலுமிச்சம்பழத்தையும் காகிதப் பையையும் கைக்கெட்டும் இடத்தில் எடுத்துவைப்பது நல்லது. முள்ளுக்குறிச்சி வழியாக வளைவுகள் குறைந்த வேறொரு பாதையும் உண்டு என்பதால், ராசிபுரம், ஆத்தூர்ப் பக்கமிருந்து வருபவர்களும் தலைசுற்றலுக்கு அஞ்சுபவர்களும் அதனைத் தேர்ந்துகொள்ளலாம்.

காரவள்ளி வழியாக ஒரே நாளில் சென்று திரும்புபவர் கடக்கும் வளைவுகள் 140 என்பதைத் திட்டமிடும்போது யாரும் கணக்கில் கொள்வதில்லை. ஓடும் வண்டிக்குள் கண் முன்னிருக்கையைப் பார்த்து உடல் அசையவில்லை என்று தெரிவிக்க, உட்செவியில் உள்ள சமநிலை உறுப்பு உடல் இடமும் வலமும் சுழல்கிறது என்று தெரிவிக்க, இவ்விரு செய்திகளும் மூளையில் முரண்படுவதால் உண்டாவதே பயணக் குமட்டல் எனப்படும் வாந்தி உணர்வு. ஏறும்போது வந்த குமட்டல் அடங்கப் பலருக்கு இரண்டு மூன்று மணி நேரமாகிறது. அடங்கி, பசியெடுத்து, சாப்பிட்டு முடிக்கும்போது இறங்கும் நேரம் வந்துவிடுகிறது. ஓட்டுநரின் நிலை வேறு. இறக்கத்தில் பிரேக்கை விடாமல் மிதித்துக்கொண்டே வந்தால், உராய்வினால் சூடேறி அதன் பிடிப்புத் திறன் குறைந்துவிடும். ஆதலால் குறைந்த கியரில் இறங்கி, வேகத்தை இயந்திரமே பெரும்பகுதி தடுக்கும்படி விட்டு, பிரேக்கைத் தேவைக்கு மட்டும் தொட வேண்டும். எதிரே ஏறிவரும் வண்டிக்கு வழிவிட்டு நிற்பதும் மலைச்சாலையின் விதி. விடியற்காலையில் புறப்பட்டு, பகல் முழுதும் அலைந்து, படிகளில் இறங்கி ஏறிய ஒருவரிடம் அந்திப் பொழுதில் இந்தக் கவனத்தை எதிர்பார்ப்பதே ஒருநாள் பயணத்தின் மிகப் பெரிய குறை.

இனிப் படிகள். ஆகாய கங்கை என்பது அய்யாறு, அறப்பளீசுவரர் கோயிலுக்கு அருகில், ஏறத்தாழ 300 அடி உயரத்திலிருந்து ஒரு பள்ளத்தாக்கினுள் விழும் அருவி. அங்கிருந்து அந்த ஆறு திருச்சி மாவட்டத்துப் புளியஞ்சோலைப் பக்கமாகச் சமவெளிக்கு இறங்குகிறது. பழனியைப் போன்ற மலைக்கோயில்களில் வருத்தம் முதலிலும் எளிமை பின்னரும் வரும். இங்கே அது தலைகீழாகும். இறங்குவது எளிதாகத் தோன்றினும், ஒவ்வொரு படியிலும் உடல் எடையைத் தாங்கித் தடுக்கும் தொடைத் தசைகள் அருவியை அடையும்போதே நடுங்கத் தொடங்கிவிடுகின்றன; குளித்து, ஈரத் துணியோடு, பசியோடு, அதே தசைகளைக் கொண்டு ஆயிரம் படிகளையும் ஏறியாக வேண்டும். நடுவில் களைத்துப்போனால் திரும்பிவிடலாம் என்ற வசதியும் இல்லை, ஏனெனில் களைப்பு தெரிய வருவது ஏறும்போதுதான். இறங்க அரை மணிக்கு மேலும், ஏற ஒரு மணிக்குக் குறையாமலும், குளியலுக்கு வேண்டிய நேரமுமாக, இரண்டரை முதல் மூன்று மணி நேரத்தை இதற்கென ஒதுக்குவதே முறை. படிகளை ஒரு காலைப் பொழுதின் தொடக்கத்தில் வைத்துக்கொள்பவர் இதனை மகிழ்ச்சியாக நினைவுகூர்வார். உச்சிவெயிலில் வைத்துக்கொள்பவர் கொல்லிமலையின் பெயரையே கேட்க விரும்பமாட்டார். தவிர, பிற்பகலில் அருவிக்கு இறங்க அனுமதிப்பதை நிறுத்திவிடுவார்கள் என்பதனால், மற்ற இடங்களை முடித்துவிட்டு மாலையில் அருவிக்குப் போகலாம் என்று திட்டமிடுவதற்கு இடமில்லை. மழையால் நீர்வரத்து பெருகும் நாள்களில் குளிக்கவும் தடை விதிக்கப்படும்.

படியேறி வந்தவர்களுக்காகவே இருப்பது போல மேலே கடைகளில் முடவாட்டுக்கால் சூப் விற்கப்படுகிறது. பெயரைக் கேட்டு இறைச்சி என்று ஒதுங்குபவர் பலர். ஆனால் அது பாறைகளிலும் மரங்களிலும் ஒட்டி வளரும் ஒருவகைப் பெரணியின் கிழங்கு. பழுப்பு நிற மயிர் அடர்ந்து ஆட்டின் காலைப் போலவே தோன்றும் அதன் தோலைச் சுரண்டி நீக்கி, நறுக்கி அல்லது இடித்து, மிளகு, சீரகம், பூண்டு சேர்த்துக் கொதிக்கவைக்கிறார்கள். மூட்டுவலியைப் போக்கும் என்பது அவ்வூரார் நம்பிக்கை. அதன் மருத்துவப் பயன் எப்படியிருப்பினும், நடுங்கும் காலோடு நிற்பவருக்கு மிளகுக் காரம் ஏறிய சூடான ஒரு குவளை தேவையாகத்தான் இருக்கிறது. அருகிலேயே உள்ள அறப்பளீசுவரர் கோயில் தேவார வைப்புத் தலங்களுள் ஒன்று. தனக்கென ஒரு முழுப் பதிகம் இல்லாமல், வேறு பதிகங்களுக்குள் பெயர் மட்டும் குறிக்கப்பெறும் தலத்தை வைப்புத் தலம் என்பர். அறுக்கப்பட்ட மீன் மீண்டும் பொருந்தி நீரில் நீந்தியது என்ற தலக்கதையை ஒட்டி, கோயிலருகே ஓடும் ஆற்றின் மீன்களுக்கு அடியார்கள் பொரி போடுகிறார்கள். கோயிலும் அருவியும் அடுத்தடுத்து இருப்பதால் இரண்டையும் சேர்த்தே திட்டமிட வேண்டும். நண்பகலில் நடை சாத்தும் நேரத்தை முன்பே கேட்டறிந்துகொண்டால் வீண் காத்திருப்பு நேராது.

இவற்றையெல்லாம் கூட்டிப் பார்த்தால், ஒருநாள் பயணம் யாருக்குப் பொருந்தும் என்பது தெளிவாகிறது. நாமக்கல், சேலம், திருச்சி, கரூர் போன்ற அண்மை ஊர்களிலிருந்து இருள் பிரியுமுன் புறப்பட்டு, எட்டு மணியளவில் சோளக்காட்டையும் ஒன்பது மணியளவில் கோயிலையும் அடைந்து, உடனே படியிறங்கி, பகல் ஒரு மணிக்குள் மேலே வந்து, சாப்பிட்டு, திரும்பும் வழியில் ஏதேனும் ஒரு காட்சி முனையில் மட்டும் நின்று, நான்கு மணிக்கு இறங்கத் தொடங்கினால் வெளிச்சம் இருக்கும்போதே காரவள்ளியை அடையலாம். இது நல்ல பயணமே. ஆனால் இதனுள் மாசிலா அருவி, நம் அருவி, எட்டுக்கை அம்மன் கோயில், வாசலூர்பட்டிப் படகு இல்லம், தாவரவியல் பூங்கா என்று திணிக்கத் தொடங்கினால், எல்லாவற்றையும் வண்டியின் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு வந்ததாகவே முடியும். பெங்களூரிலிருந்து 250 கிலோமீட்டருக்கு மேலும் சென்னையிலிருந்து 350 கிலோமீட்டருக்கு மேலும் வண்டி ஓட்டி வருபவர்கள் ஒரே நாளில் திரும்ப நினைப்பதைத் துணிச்சல் என்று பாராட்டுவதற்கில்லை.

தூரத்தைத் தவிர, தங்குவதற்குச் சார்பான வலிமையான காரணம் தட்பவெப்பத்தில் இருக்கிறது. உயரம் கூடக் கூடக் காற்று குளிர்வதன் சராசரி வீதம் 1000 மீட்டருக்கு 6.5 பாகை செல்சியஸ் ஆகும். உதகமண்டலம் 2200 மீட்டருக்கு மேல் இருப்பதால் அங்கே சித்திரை நண்பகலும் குளிர்ச்சியாக இருக்கிறது. 1000 மீட்டரைச் சற்றே கடந்த கொல்லிமலையில் நாமக்கல்லைவிட ஆறேழு பாகை மட்டுமே குறையும். கோடையில் பகல் பதினொன்றுக்கு மேல் வந்து பார்த்துவிட்டு, மலை என்றார்களே, குளிரே இல்லையே என்று குறைப்படுபவர்கள், தாங்கள் வந்த நேரத்தைத்தான் குறை சொல்ல வேண்டும். வெயில் சாய்ந்த பின்பே இங்கே மலைக்காற்று உறைக்கத் தொடங்குகிறது. மார்கழியிலும் தையிலும் கம்பளி இல்லாமல் விடிகாலையில் வெளியே நிற்க முடியாது. அதாவது, குளிருக்காகக் கொல்லிமலை செல்பவர் பகலில் மட்டும் தங்கித் திரும்புவாரானால், எதற்காகச் சென்றாரோ அது தொடங்குமுன்பே இறங்கிவிடுகிறார்.

காட்சி முனைகளின் நிலையும் இதனை ஒத்ததே. சீக்குப்பாறை, சேலூர் முதலிய விளிம்புகளில் நின்று சமவெளியைப் பார்ப்பதற்கு ஏற்ற பொழுதுகள் விடியலும் மாலையும் ஆகும். தெளிந்த, காற்றில்லாத பனிக்கால இரவில் தரை விரைவாகக் குளிர்ந்து, தன்னை ஒட்டிய காற்றையும் குளிரச் செய்வதால், கீழே குளிர்ந்த காற்றும் அதன்மேல் வெப்பமான காற்றுமாக அடுக்கு மாறி அமைகிறது. வெப்பநிலைத் தலைகீழ் மாற்றம் என்று வானிலையாளர் கூறும் இந்நிலையில், புகையும் தூசியும் மூடுபனியும் மேலே எழ முடியாமல் சமவெளியிலேயே படிந்து கிடக்கும். மலை விளிம்பில் நிற்பவருக்கு அது வெண்மையான ஒரு பரப்பாகவும், அதனைத் துளைத்துக்கொண்டு நிற்கும் குன்றுகள் தீவுகளாகவும் தெரியும். வெயில் ஏறியதும் தரை சூடாகி, காற்று கலங்கி, அந்தத் தூசி முழுதும் மேலெழுந்து பரவுவதால், நண்பகலில் அதே முனையில் நின்றால் வெளிறிய சாம்பல் நிறத்தைத் தவிர வேறொன்றும் தெரியாது. மேற்கு நோக்கிய சோளக்காட்டுப் பக்கச் சரிவோ காலையில் நிழலில் கிடந்து, பிற்பகல் வெயில் பட்ட பிறகே வளைவுகளின் மடிப்பு மடிப்பான வடிவத்தைத் தெளிவாகக் காட்டுகிறது. ஒருநாள் பயணிக்குக் கிடைப்பது இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட பொழுதாகும்.

இரவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கொல்லிமலை ஏறத்தாழ 11 பாகை வட அகலாங்கில் இருப்பதனால், துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து 11 பாகை உயரத்தில் மட்டுமே நிற்கிறது. மரமோ மேடோ மறைக்காத வடக்குப் பக்கம் கிடைத்தால்தான் அதனைக் காண இயலும். அதற்கு ஈடாகத் தென்வானம் தாராளமாகத் திறந்திருக்கிறது: தை, மாசி மாத முன்னிரவுகளில் அகத்தியர் எனப்படும் ஒளிமிக்க விண்மீனையும், சித்திரை, வைகாசியில் தென்சிலுவை என்னும் சிறிய விண்மீன் கூட்டத்தையும் தெற்கே தாழ்வாகக் காணலாம். விண்மீன்களுக்காகச் செல்பவர் அமாவாசையை ஒட்டிய நாளைத் தேர்ந்துகொள்வது இயல்பு. ஆனால் அமாவாசையிலும் பௌர்ணமியிலும் கோயில்களுக்குக் கூட்டம் வரும் என்பதால், அந்நாளுக்கு இரண்டு நாள் முன்னோ பின்னோ செல்வது மேல்.

இவ்வளவுக்குப் பிறகும் பலர் தங்கத் தயங்குவதற்குக் காரணம், தங்குவது என்றால் இரண்டு முழு நாள்கள் செலவாகும் என்ற எண்ணம். உண்மையில் அவ்வாறு இல்லை. முதல் நாள் மதியச் சாப்பாட்டை நாமக்கல்லிலோ ராசிபுரத்திலோ முடித்துக்கொண்டு ஏறினால், மாலை வெயிலில் வளைவுகளையும் அதன்பின் சூரியன் மறைவதையும் கண்டு அறைக்குச் சேரலாம். மறுநாள் விடியலில் ஒரு காட்சி முனை, அருவிக்கு வழி திறந்ததும் படிகள், அதன்பின் கோயில் என்று முடித்து, பகல் இரண்டு மணிக்குள் காரவள்ளியைத் தொட்டுவிடலாம். மலைமீது இருக்கும் நேரம் ஒரு முழு நாளைவிடக் குறைவுதான். ஆயினும் வளைவுகள் நாளுக்கு எழுபதாகப் பிரிந்துவிடுகின்றன, படிகள் வெயிலுக்கு முன் முடிகின்றன, இறக்கம் உறங்கி எழுந்த ஓட்டுநரின் கையில் இருக்கிறது. விடுப்பைப் பொறுத்தவரை இரண்டு அரை நாள்கள் ஒரு முழு நாளுக்குச் சமமே. அறை வாடகை மட்டும் கூடுதல். விட்டுப்போன இடங்களுக்காக இன்னொரு முறை ஏறி இறங்கும் பெட்ரோல் செலவை எண்ணிப் பார்ப்பவருக்கு அதுவும் உறுத்தாது.

தங்கும் இடங்கள் செம்மேடு, சோளக்காடு ஆகியவற்றைச் சுற்றியே மிகுதி. படிகளையே முதன்மையாகக் கருதுபவர், செம்மேட்டையும் தாண்டிக் கோயில் பக்கம் தங்க இடம் கிடைக்குமா என்று பார்ப்பது, காலையில் அரை மணி நேரத்தையேனும் மிச்சப்படுத்தும். இரவு உணவை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். நகரத்தைப் போல ஒன்பது மணிக்குமேல் கடை தேடிச் செல்ல முடியாது. சொல்லும்போதே சாமைச் சோறும் கேழ்வரகுக் களியும் கிடைக்குமா என்று கேட்கலாம். கொல்லிமலையின் பெரும்பான்மை மக்களான மலையாளிகள், பெயரைக் கண்டு பிறர் கருதுவது போலக் கேரளத்தவர் அல்லர். தமிழ் பேசும் பழங்குடியினர். அவர்கள் தலைமுறைகளாக விளைவித்த சாமையும் தினையும் கேழ்வரகும், சேலம் வட்டாரத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகும் மரவள்ளிக் கிழங்கு பரவியதால் சுருங்கின. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் சிறுதானிய விதைகளைக் காக்கவும் அவற்றுக்குச் சந்தை தேடவும் இங்கே நெடுங்காலம் பணியாற்றியிருக்கிறது. சோளக்காட்டுச் சந்தையில் மலை வாழை, அன்னாசி, பலா, மிளகு ஆகியவற்றை வாங்குவதற்கு ஏற்ற நேரம் இறங்கும் வழிதான். ஏறும்போதே பலாவை வாங்கி வண்டியில் வைத்தவர்கள் அடுத்த நாள் முழுதும் அதன் மணத்தோடு திரிய வேண்டியிருக்கும்.

மலைக்கு எது நல்லது என்ற கேள்வியும் உண்டு. இதற்கு எளிதான விடை இல்லை. ஐக்கிய நாடுகள் அவையின் சுற்றுலாப் புள்ளியியல் நெறிமுறை, ஓர் இரவேனும் தங்குபவரையே சுற்றுலாப் பயணி என்று கொண்டு, தங்காமல் திரும்புபவரை ஒருநாள் வருகையாளர் என்று தனியே பிரிக்கிறது. தங்காதவர் தம் ஊரிலிருந்தே கட்டுச்சோறு கொண்டுவந்து, குப்பையை மட்டும் விட்டுச் செல்லலாம். தங்குபவரின் பணம் மலையில் சற்றுக் கூடுதலாகப் புழங்கினாலும், அவருக்காக எழும் கட்டடமும் உறிஞ்சப்படும் நீரும் மலையின் கணக்கில்தான் சேர்கின்றன. வண்டிகளின் நெரிசல் எல்லை மீறியதால், சென்னை உயர்நீதிமன்ற உத்தரவின் பேரில் 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் கட்டாயமாக்கப்பட்டது. கொல்லிமலைக்கு அந்த நிலை வராமல் காப்பது வருபவர் கையிலும் இருக்கிறது. இவ்வகையில் ஒன்றை மட்டும் உறுதியாகக் கூறலாம்: தோட்டத்து விடுதியில் ஒலிபெருக்கி வைத்து நள்ளிரவு வரை ஆடிவிட்டு, மறுநாள் பத்து மணிக்கு எழுபவர்கள் தங்கியிருக்கவே வேண்டியதில்லை. விடியலையும் இழந்து, அக்கம்பக்கத்தார் தூக்கத்தையும் கெடுத்த அவர்களுக்கு, ஒருநாள் பயணமே எல்லோர்க்கும் நலம்.

தங்க வேண்டாம் என்று சொல்லத்தக்க காலங்களும் சில உள்ளன. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஈரக்காற்று சரிவில் ஏறிக் குளிர்ந்து, மேகம் மலைமீதே அமர்ந்துவிடுவதால், எந்தக் காட்சி முனையும் எதையும் காட்டாது. மண்சரிவும் மரம் விழுவதும் நேரக்கூடிய நாள்களில் மேலே அகப்பட்டுக்கொள்வதைவிட, பயணத்தையே ஒத்திவைப்பது அறிவுடைமை. ஆடி 17, 18 ஆகிய நாள்கள் வேறு வகை. கடையெழு வள்ளல்களுள் ஒருவனும் கொல்லிமலைத் தலைவனுமான வல்வில் ஓரி எய்த ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகிய ஐந்தையும் துளைத்ததாக வன்பரணர் பாடிய பாடல் புறநானூற்றில் உள்ளது. அவன் நினைவாக அரசு நடத்தும் விழாவும், ஆடிப்பெருக்கை ஒட்டி அருவிக்கும் கோயிலுக்கும் திரளும் மக்களும் சேர்ந்து, அவ்விரு நாளும் மலையை நிரப்பிவிடுவர். அப்போது அறை கிடைப்பதும் அரிது, கிடைத்தாலும் வளைவுகளில் வண்டிகள் வரிசையாக நிற்கும் என்பதால் குறித்த நேரத்தில் அறையை அடைவதும் அரிது. விழாவைக் காணவே செல்பவர் அரசுப் பேருந்தில் ஏறி அன்றே இறங்கிவிடலாம். மலையைக் காணச் செல்பவர் இரண்டு வாரம் பொறுத்து, ஆவணியில் ஒரு வாரநாளில் செல்லலாம். அப்போதும் அருவியில் நீர் இருக்கும், படிகளில் நெரிசல் இராது.